பின்கொடியில் ஒன்பதாம் நம்பர்

ஜனவரி 5, ஞாயிறு

காலை பி.பி. 150/90. அரை இட்லி. மாத்திரை எல்லாம் போட்டாயிற்று.

இவ்வளவுதான் எழுத வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பெண் இந்த டைரியைக் கொடுத்தாள். எழுதியது போக முக்கால் பக்கம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற எதையும் எனக்குப் பார்க்கப் பிடிக்காது. வீட்டிலேயே ஒன்று அப்படிக் கட்டிலில் கிடக்கிறது, அது போதும்.

அவள் கொடுத்த இன்னொன்று ஒரு டப்பா துணிக் கிளிப்பு. ஸ்ட்ரோக் வந்த வலது கையால் கிளிப்பை அமுக்கித் திறந்து டப்பா விளிம்பில் மாட்ட வேண்டுமாம். என் வீட்டுக்காரர் எத்திராஜ் முதல் கிளிப்பை எடுத்து என் மேல் எறிந்தார், இடது கையால். குறி தப்பவில்லை.

"அந்தக் கை நல்லாத்தான்கீது. இந்தக் கைக்குத்தான் வேலை" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சுதான் போய்விட்டதே, ரோஷம் மட்டும் எந்த நரம்பில் ஓடுகிறதோ தெரியவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

அரை இட்லிதான் இன்றைக்கும். இப்படியே போனால் மூக்கில் டியூப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் உதயதாரகை கால்பந்து கழகத்தார் வந்தார்கள். மூன்று பேர். செயலாளர் வரதன், ரிட்டையர் ஆனதிலிருந்து கழகம்தான் அவருக்கு ஆபீஸ். சைமன், பழைய கோல்கீப்பர், பந்தைத் தவிர எல்லாவற்றையும் பிடிப்பான். ஏழுமலை, இவன் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. ஒரு முறை பந்து இவனை உதைத்தது, மூக்கில் தழும்பு இருக்கிறது. ஆனால் வியாசர்பாடியில் பந்தைப் பற்றி இவனைவிட உரக்கப் பேச ஆள் கிடையாது.

"அண்ணி, கழகத்துக்கு இது அம்பதாவது வருசம்" என்றார் வரதன். "கிரவுண்டு கேட்டாண்ட பெரிய போர்டு வெக்கிறோம். நம்ம மேனேஜருங்க அஞ்சு பேரு போட்டோ. யாரு பெஸ்ட்டுன்னு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு."

"நம்பர் எதுக்கு? ரேசன்கடை வரிசையா?"

"இன்னா அண்ணி இப்டி சொல்லிட்ட? ஒண்ணாம் நம்பர் பேருலதான் இந்த வருசத்து கப்பே."

மூன்றும் நான்கும் ஐந்தும் ஏற்கெனவே முடிவாகிவிட்டதாம். அந்த மூன்று மேனேஜர்களும் செத்துப்போனவர்கள், சண்டைக்கு வரமாட்டார்கள். சண்டை முதல் இடத்துக்குத்தான். எத்திராஜா, அல்போன்ஸா?

"அல்போன்ஸ் சாரு ரெண்டு கப்பு. அண்ணன் ஒரு கப்பு. ஒண்ணு பெருசா, ரெண்டு பெருசா?" என்றான் சைமன். சீக்காளியின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என் காப்பியைக் குடித்துக்கொண்டு.

"டேய்! அந்த ஒரு கப்பு யார அடிச்சு எடுத்தது? கம்பெனி டீமுடா!" ஏழுமலை கத்தினான். "அதுவும் கோல் அடிக்கிற சேவியர வெளிய உக்கார வெச்சுட்டு! சேவியர் இல்லாம ஃபைனல் ஆட எவனுக்குடா தில்லு வரும்? மேனேஜருன்னா அவருடா மேனேஜரு!"

கட்டிலில் கிடந்தவர் சுவரை விட்டுத் திரும்பினார்.

பெரிய மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். தலைவலித் தைலம் வாங்கிக் கொடுக்க ஆளில்லாத வீடுகளை விட்டுவிட்டு இங்கே வந்து செத்தவனுக்கும் சாகக் கிடப்பவனுக்கும் மார்க் போடுகிறார்கள். தூ.

ஜனவரி 8, புதன்

இரண்டு இட்லி. சட்னி வேண்டும் என்று கையைக் காட்டினார்.

ஜனவரி 10, வெள்ளி

நேற்றும் வந்தார்கள், இன்றும் வந்தார்கள். பால் அரை லிட்டர் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கிறது. திட்டி அனுப்பலாம் என்றால், அவர்கள் வருகிற நேரத்துக்கு இவர் சட்டை மாற்றச் சொல்கிறார். இரண்டு கிளிப்பு மாட்டினார். மூன்றாவதை எறிந்தார். என் மேல் இல்லை, சைமன் மேல். சரியான ஆள்தான்.

பிசியோ பெண் வந்திருந்தபோது ஏழுமலை அவளுக்கு எங்கள் துணிக்கொடியின் மகத்துவத்தை விளக்கினான். அவள் பாவம், கையை உருவிவிடத்தான் வந்தாள்.

அதில் ஒரு மகத்துவமும் இல்லை. அந்தக் காலத்தில் கழகத்துக்கு ஒரே ஒரு செட் ஜெர்சி. மேனேஜர் வீட்டில் துவைக்க வேண்டும், அதாவது மேனேஜர் பெண்டாட்டி துவைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு இரண்டு கொடி. வாசலில் தெருவைப் பார்த்து ஒன்று, பின்னால் பாத்ரூம் பக்கம் ஒன்று. மேட்ச் அன்று காலையில் முன்கொடியில் பதினோரு ஜெர்சி தொங்கும். அவர்கள்தான் ஆடுவார்கள். மற்றதெல்லாம் பின்கொடியில். தெருவில் நடந்துவரும்போதே அவனவனுக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று மேனேஜரைக் கேட்கக் கூடாது. கேட்டவன் மானங்கெட்டவன். தன் சட்டையைத் தானே உருவிக்கொண்டு போக வேண்டும்.

என் துணி எப்போதும் பின்கொடியில்தான். இந்தத் தெருவில் பொம்பளைத் துணி வாசலில் ஆடக் கூடாது. ஊரான் வேர்வைச் சட்டை ஆடலாம்.

தொண்ணூற்று நான்கு ஃபைனல் அன்று ஒன்பதாம் நம்பர், அதாவது சேவியர் ஜெர்சி, பின்கொடியில் தொங்கியது. அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். சேவியருக்குப் பதிலாக ஆடிய துரைக்கண்ணு ஒரே ஒரு கோல் போட்டான். ஜெயித்தார்கள்.

முந்தின நாள் மழை. சட்டை காயவில்லை, பின்னால் போட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெருவெல்லாம் டயர் புகை, இவருக்கு இருமல். பழைய பாயையும் துடைப்பத்தையும் போட்டுக் கொளுத்தினேன். கழகத்தாரையும் சேர்த்துப் போட்டிருக்கலாம், சட்டத்தில் இடமில்லை.

சைமன் நைசாக அடுப்படிக்கு வந்தான். "அக்கா, நீதான துவைச்ச. உண்மைய சொல்லு. அன்னிக்கு சட்ட ஈரம், அதான பின்னால போச்சு? இதுல மேனேஜர் மூளை எங்க வந்துது?"

"முப்பது வருசத்துக்கு முன்னாடி காஞ்ச துணிய இப்ப வந்து தொட்டுப் பாக்குறியா? போடா அப்பால, பால் பொங்குது."

பால் பொங்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பை வாயில் வைத்துச் சப்பினார். நான்கு கிளிப்பு.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கலுக்கு அல்போன்ஸே வந்தார். கையில் ஆப்பிள், கழுத்தில் இன்னமும் விசில். குளிக்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ.

அல்போன்ஸ் மேனேஜராக இருந்தபோது கரும்பலகை வைத்து, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்துவார். எதிர் டீம்காரன் அந்தப் பலகையைப் பார்த்ததில்லை, அதனால் அம்புக்குறிப்படி ஓடியதும் இல்லை. இரண்டு கப்பும் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எத்திராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் ஒண்ணாம் நம்பரு, எவன் ரெண்டாம் நம்பரு... நமக்கு இன்னாத்துக்குடா எத்தி இதெல்லாம்?" என்றார். வேண்டாம் என்றால் வரதனிடம் சொல்லிப் பேரை எடுத்திருக்கலாமே. எடுக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார். "தவமணி, அவன் டீம் போட்ட மாதிரி எனக்கு போட வராது. எவன் இன்னிக்கு ஓடுவான், எவன் சும்மா நிப்பான்னு மேட்ச் முடிஞ்சாதான் எனக்கு தெரியும். அவனுக்கு மட்டும் காலையிலயே எப்டி தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"அவரையே கேக்கறதுதான?" என்றேன்.

ஆப்பிள் மாவாக இருந்தது. மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வோட்டு இருபத்தாறாம் தேதி, தேசியக்கொடி ஏற்றி முடித்ததும். கழகத்தில் சீட்டு எழுதுகிற வழக்கம் இல்லை. எல்லாரும் கிரவுண்டின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும், வரதன் விசில் ஊதுவார். அல்போன்ஸ் பக்கம் என்றால் கிழக்கு கோல், எத்திராஜ் பக்கம் என்றால் மேற்கு கோல். நடந்து போய் நிற்க வேண்டும். தலைவர் தேர்தலும் இப்படித்தான், டீக்கு பிஸ்கட்டா பன்னா என்பதும் இப்படித்தான்.

இன்று வரதன் முகம் சரியில்லை. "சேவியர் வரானாம் அண்ணி" என்றார்.

சேவியர் கழகத்திலிருந்து ரயில்வேக்கு ஆடப் போனவன், அங்கேயே வேலை. அவன் கைபிடித்து வேலைக்குப் போன பையன்கள் நிறைய. அவன் எந்த கோலுக்கு நடக்கிறானோ அந்தக் கூட்டமும் அங்கே நடக்கும். ஃபைனலுக்கு அப்புறம் அவன் இந்த வாசலை மிதித்ததில்லை.

"இன்னா சொல்றானாம்?"

"கிரவுண்டுல எல்லாரும் நிக்கிறப்ப எத்திராஜண்ணன நேரா ஒரு கேள்வி கேப்பானாம். ஏன் என்ன உக்கார வெச்சேன்னு. சரியான பதிலு வந்தா இந்தப் பக்கம் நிப்பானாம். இல்லாட்டி..." என்று இழுத்தார்.

வாய் வராத மனுஷனிடம் கேள்வி கேட்கப்போகிறானாம். முப்பது வருஷம் வாய் இருந்ததே, அப்போது எங்கே போயிருந்தான் இந்த வீரன்?

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். ராத்திரிக் கஞ்சியைத் துப்பிவிட்டார்.

ஜனவரி 20, திங்கள்

அரை இட்லி. கிளிப்பு டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மழை என்று பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். அந்த ஃபைனல் மே மாதம். மே மாதத்தில் மெட்ராசில் ஏது மழை? தார் உருகுகிற வெயில். என் டைரிக்கே நான் ஏன் கதை விட்டேன் என்று தெரியவில்லை. வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

எனக்குப் பந்து பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது துணி. ஓடினவன் சட்டையை ஊறவைத்தால் தண்ணீர் கறுத்துப்போகும், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஓடாதவன் சட்டையை அப்படியே மடித்து வைக்கலாம். சிகரெட் பிடித்தவன், சாராயம் குடித்தவன், விழுந்து எழுந்தவன், விழுவதற்குப் பயந்து ஒதுங்கி நின்றவன், எல்லாம் என் வாளியில் தெரிந்துவிடும். அல்போன்ஸின் பலகையில் தெரியாது.

ஒன்பதாம் நம்பர் மூன்று மேட்சாகப் புதுத்துணி மாதிரி வந்துகொண்டிருந்தது. காலரில் பவுடர் வாசனை. பதினான்காம் நம்பர் துரைக்கண்ணுவோ கடைசி பத்து நிமிஷம் மட்டுமே ஆடுவான், அவன் சட்டையை மூன்று தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. ஃபைனலுக்கு முந்தின நாள் இவர் வழக்கம்போல் பதினோரு பேர் சொன்னார். அதில் ஒன்பது இருந்தது. காலையில் நான் அதைப் பின்னால் போட்டேன், பதினான்கை முன்னால் போட்டேன்.

பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தார். பார்த்தார். அதற்குள் பையன்கள் சட்டையை உருவ ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றச் சொன்னால் பெண்டாட்டி போட்ட டீம் என்று தெருவே சிரிக்கும். என்னைப் பார்த்தார். துப்பினார். உள்ளே போய்விட்டார்.

ஜெயித்துவிட்டு வந்து தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏன்டி செய்தாய் என்றுகூட இல்லை. திட்டியிருந்தாலும் செய்தது நான் என்றாவது ஆகியிருக்கும். அதற்கப்புறம் அவர் பதினோரு பேர் சொல்வதையே நிறுத்திவிட்டார். மூட்டையைக் கொண்டுவந்து போடுவார், "பாத்து போடு" என்பார். மேனேஜர் வேலையை விடுகிறவரைக்கும் அதே கதைதான்.

எனக்கென்ன வந்தது. போர்டில் யார் மூஞ்சி இருந்தால் எனக்கென்ன.

ஜனவரி 22, புதன்

கஞ்சி இரண்டு கரண்டி. டாக்டருக்கு போன் செய்தேன். வெள்ளிக்குள் சாப்பிடாவிட்டால் டியூப்தான் என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தேன். "யோவ், இந்தப் பக்கம் பாரு. இப்ப கஞ்சிய குடிச்சின்னா ஞாயித்துக்கெழம நான் உன்ன கிரவுண்டுக்கு தள்ளினு போறேன். சேவியருக்கு பதிலு நான் சொல்றேன்" என்றேன்.

பயந்துவிட்டார். கண்ணில் அப்படி ஒரு பயம், ஸ்ட்ரோக் வந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. நான் ஊர் முன்னால் அவர் மானத்தை வாங்கப்போகிறேன் என்று நினைக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்து என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். ஆத்திரத்தில் எழுந்து போய்விட்டேன். அப்படியே சொல்லிவிட்டால்தான் என்ன என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் தோன்றியது.

மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டார். முழுசாக. வேறு வழி?

ஜனவரி 26, ஞாயிறு

வீல்சேரைச் சைமனே தள்ளிவந்தான், எதிர்க்கட்சியாக இருந்தாலும். கிரவுண்டில் கூட்டம், சீரியல் லைட்டு, மைக். ஐம்பது வருஷமாக ஒரு நல்ல கக்கூஸ் கட்ட வக்கில்லாத கழகம் மைக்குக்கு மட்டும் குறை வைப்பதில்லை.

மேற்கு கோல் நடுவில் இவரை உட்கார வைத்தார்கள், கிழக்கில் அல்போன்ஸை. நான் வீல்சேர் பின்னால் நின்றேன். "அண்ணி, நீ நில்லு, பரவால்ல. ஆனா உன் ஓட்டு கணக்குல வராது, மெம்பர் இல்லல்ல" என்றான் ஏழுமலை.

சேவியர் வந்தான். தொந்தி, மூக்குக்கண்ணாடி, தலையில் சாயம். நடுக்கோட்டிலிருந்து நேராக எங்கள் கோலுக்கு வந்து நின்றான். கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது.

"அண்ணே. வணக்கம்" என்றான். "அன்னிக்கு எங்கம்மா, எங்க மாமனாரு வூட்டு ஆளுங்க எல்லாம் மேட்ச் பாக்க வந்திருந்தாங்க. நான் பின்னாடி கொடியில போயி சட்டைய எடுத்தேன். ஏன்னு நான் கேக்கல, கேக்கக் கூடாதுன்னு கேக்கல. இப்ப கேக்கறேன். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

இவர் வாயைத் திறந்தார். ஒரு பக்கம் மட்டும் திறந்தது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. எச்சில் வடிந்தது. யாரோ பின்னால் 'ஐயோ பாவம்' என்றார்கள். என் உடம்பெல்லாம் எரிந்தது. இவரைப் பாவம் என்று சொல்ல எனக்கு மட்டும்தான் பாத்தியதை உண்டு, வேறு எவனுக்கும் கிடையாது.

முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"உன் சட்டையில வேர்வ இல்ல சேவியரு" என்றேன். "மூணு மேட்சு. போட்டுக்கினு போன மாதிரியே கழட்டி குட்த்த. பவுடரு வாசன மட்டும் வந்துது. ஓடாதவன் சட்டைய எதுக்கு முன்னாடி போடணும்?"

சேவியர் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். அப்புறம் மண்ணைப் பார்த்தான்.

"ரயில்வே செலக்சன் இருந்துது" என்றான் மெதுவாக. "காலு போச்சுன்னா வேலையும் போயிடும்னு பயம். ஒதுங்கி ஒதுங்கிதான் ஆடுனேன். ஒருத்தனுக்கும் தெரியாதுன்னுதான் இத்தினி நாளு..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். குனிந்து இவர் காலைத் தொட்டான். அப்படியே வீல்சேர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

வரதனுக்கு விசில் ஊத வேலையே இல்லை. ரயில்வே கூட்டம் மொத்தமும் மேற்கே வந்துவிட்டது. சைமனும் வந்தான். கடைசியில் அல்போன்ஸே கிழக்கு கோலை விட்டு நடந்து வந்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஏழுமலை மைக்கைப் பிடுங்கிவிட்டான். "கேட்டுக்கங்கப்பா! சட்டைய மோந்து பாத்து டீம் போட்ட ஒரே மேனேஜரு! உலகத்துல எவனாவது பண்ணிகீறானா?"

இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு துணியை மோந்து பார்த்ததில்லை. தன் பனியனைக்கூட.

மாலை போட்டார்கள். முதுகில் ஒன்று என்று நம்பர் போட்ட புது ஜெர்சியை மடியில் வைத்தார்கள். இவர் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார். நான் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதற்கு அழுகிறேன் என்று எவனாவது கேட்டுத் தொலைப்பான்.

ஜனவரி 27, திங்கள்

பி.பி. 130/80. மூன்று இட்லி.

காலையில் துணி துவைத்தேன். அந்த ஜெர்சியில் மாலை ஈரம், குங்குமம், எவனோ கொட்டிய டீ. துணி எல்லாவற்றையும் பிழிந்து வாளியில் போட்டு வாசலில் வைத்துவிட்டு, பின்பக்கம் துவைக்கிற கல்லைக் கழுவிவிட்டுக் கிளிப்பு எடுக்க உள்ளே வந்தேன். டப்பா கட்டிலுக்கு அடியில் இல்லை. கட்டிலில் ஆளும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்து மூலையில் கிடந்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறார். கீழே விழுந்தால் யார் தூக்குவது? நாலு வீட்டை எழுப்புகிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் முன்கொடியை இழுத்துப் பிடித்திருந்தார். வாளியில் ஜெர்சி மேலாகத்தான் கிடந்தது. அதை எடுத்து மண்ணில் போட்டிருந்தார். கொடியில் என் பச்சைப் புடவை. நேற்று கிரவுண்டுக்குக் கட்டிக்கொண்டு போனது. வலது கை நடுங்க நடுங்க ஒரு கிளிப்பை அமுக்கிக்கொண்டிருந்தார். வழுக்கியது. மறுபடியும் அமுக்கினார். நான் பக்கத்தில் போகவில்லை. கடைசியில் மாட்டிவிட்டார்.

தெருவில் பால்காரர் நின்று பார்த்தார். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

புடவையைக் கோணல்மாணலாகப் போட்டிருக்கிறார், ஒரு பக்கம் முழுக்கத் தரையில் புரண்டு மண். கிளிப்பும் தலைகீழ். ஒரு வேலை உருப்படியாகச் செய்யத் தெரியாது இந்த மனுஷனுக்கு, மறுபடியும் துவைக்க வேண்டும்.

சாயங்காலம் வரைக்கும் எடுக்கவில்லை.